ராக் அண்ட் ரோலுக்கு முன்பே ஒலித்த ராக் அண்ட் ரோல்: ரூத் பிரவுனின் 1957 இசைத்தட்டு

அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனம் 1957-இல் 8004 என்ற வரிசை எண்ணோடு வெளியிட்ட, அமெரிக்கக் கறுப்பினப் பாடகி ரூத் பிரவுனின் 12 அங்குல நெடுந்தட்டில் மொத்தம் 14 பாட்டுகள் உள்ளன. பாடகியின் பெயரே தட்டுக்கும் பெயர். 'ராக் அண்ட் ரோல்' என்ற பெயரிலும் அது வழங்கப்படுகிறது. ஜோ டர்னர், ரே சார்ல்ஸ், லவர்ன் பேக்கர் ஆகியோரின் தட்டுகளையும் அந்நிறுவனம் இதே அடையாளத்தோடுதான் அடுத்தடுத்து வெளியிட்டது. அந்தச் சொல்லுக்குச் சந்தையில் பெருமதிப்பு உண்டாகியிருந்த காலம் அது. ஆனால் இந்தத் தட்டில் இருப்பவை 1957-இல் பாடப்பட்டவை அல்ல. 1949 முதல் 1956 வரை தனித்தனிச் சிறுதட்டுகளாகப் பதிவான பாட்டுகளைத் திரட்டி, அவற்றின் மேல் புதிதாக வந்த பெயரை ஒட்டியிருக்கிறார்கள். எல்விஸ் பிரெஸ்லி 1954-இன் நடுவில் மெம்பிஸ் நகரில் தம் முதல் சிறுதட்டைப் பதிவு செய்வதற்கு முன்பே இவற்றில் ஏறத்தாழ பாதி கடைக்கு வந்துவிட்டன. இந்தத் தட்டை ஏன் வாங்க வேண்டும், ஏன் கவனமாகக் கேட்க வேண்டும் என்பதற்கு இதுவே முதல் காரணம்: ராக் அண்ட் ரோல் என்னும் இசைக்கு அந்தப் பெயர் பரவலாகும் முன்பே அது ஒரு பெண்ணின் தொண்டையில் முழு வடிவம் பெற்றிருந்தது என்பதைக் காதால் கேட்டே உறுதி செய்துகொள்ளலாம்.

தட்டின் மிகப் பெரிய குறை பாட்டுகளை அடுக்கியிருக்கும் விதம். 1957-இல் புதிதாக விற்றுக்கொண்டிருந்த 'லக்கி லிப்ஸ்' முதலில் வருகிறது. 1949-இல் பதிவான அவருடைய முதல் வெற்றிப் பாட்டான 'சோ லாங்' கடைசிக்கு முந்தைய இடத்தில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கால வரிசை முற்றிலும் கலைந்து கிடப்பதால், ஒரு குரல் ஏழெட்டு ஆண்டுகளில் எங்கே தொடங்கி எங்கே வந்து சேர்ந்தது என்பது முதல்முறை கேட்பவருக்குப் பிடிபடாது. ஆகவே பாட்டுகளைப் பதிவான ஆண்டு வரிசையில் மாற்றி அடுக்கிக்கொண்டு கேட்குமாறு பரிந்துரைக்கிறேன். இன்று கைப்பேசியிலேயே அதைச் செய்துவிடலாம். செய்தவுடன் தட்டே வேறொன்றாகிவிடுகிறது.

அந்த வரிசையில் முதலில் வருவது 'சோ லாங்'. அதைக் கேட்பதற்கு முன் அது எத்தகைய நிலையில் பாடப்பட்டது என்பதை அறிந்துகொள்வது நல்லது. ரூத் பிரவுன் 1928-இல் வர்ஜீனியா மாநிலத்தின் போர்ட்ஸ்மத் துறைமுக ஊரில் பிறந்தவர். தந்தை கப்பல் துறையில் சுமை தூக்கும் தொழிலாளி. தேவாலயப் பாடகர் குழுவை நடத்தியவரும் அவரே. லக்கி மில்லிண்டரின் இசைக்குழுவில் சேர்ந்த ரூத், சிறிது காலத்திலேயே வாஷிங்டனில் வைத்து நீக்கப்பட்டார். அப்போது அங்கே கிரிஸ்டல் கேவர்ன்ஸ் என்ற இரவு விடுதியில் வாய்ப்பளித்துப் பின்னர் அவருடைய மேலாளராகவும் ஆனவர் பிளான்ச் கேலோவே. தாமே ஓர் இசைக்குழுவை நடத்திய பெண் அவர். வில்லிஸ் கோனோவர் என்ற வானொலி அறிவிப்பாளர் அங்கே ரூத்தின் பாட்டைக் கேட்டு, அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த அட்லாண்டிக் நிறுவனத்தின் அகமது எர்டகுன், ஹெர்ப் ஆப்ரம்சன் இருவருக்கும் தகவல் தந்தார். 1948-இன் இறுதியில் நியூயார்க் செல்லும் வழியில், பென்சில்வேனியாவின் செஸ்டர் ஊர் அருகே நடந்த கார் விபத்தில் ரூத்தின் கால்கள் நொறுங்கின. மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் அந்தப் படுக்கையில்தான். 1949 மே மாதத்தில் எடி கோண்டன் குழுவினரோடு 'சோ லாங்' பாட்டைப் பாட வந்தபோது அவர் ஊன்றுகோலோடுதான் வந்தார்.

பாட்டு மெதுவான பிரிவுப் பாட்டு. பின்னணி வாத்தியங்கள் பழைய ஜாஸ் முறையில் அடக்கமாகச் செல்கின்றன. குரலில் சாரா வாகன், பில்லி ஹாலிடே போன்றவர்களைக் கேட்டு வளர்ந்த ஒரு பெண்ணின் பக்குவம் இருக்கிறது. சொற்களை விளிம்பு வரை இழுத்து, கடைசி அசையை மெல்ல விடுகிறார். நல்ல பாட்டுதான். ஆயினும் அதில் ரூத் பிரவுன் மட்டுமே செய்யக்கூடியது என்று எதுவும் இன்னும் வெளிப்படவில்லை. அவர் விரும்பிப் பாட நினைத்தவை இத்தகைய மெல்லிசைப் பாட்டுகளே. வேகப் பாட்டுகளைப் பாடுமாறு அவரை நிறுவனத்தினர் இழுத்து வர வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு அக்டோபரில் 'டியர்டிராப்ஸ் ஃப்ரம் மை ஐஸ்' வெளியாகிறது. இயற்றியவர் ரூடி டூம்ப்ஸ். மழை பெய்யும்போதெல்லாம் பிரிந்தவனின் நினைவு வருகிறது, கண்ணிலிருந்தும் மழை கொட்டுகிறது என்று பொருள்படும் வரிகள். காகிதத்தில் படித்தால் இது சோகப் பாட்டு. ஆனால் ஊதுகருவிகள் துள்ளலான ஒரு சிறு சொற்றொடரை விடாமல் திருப்பித் திருப்பி வாசிக்க, ரூத் அதன் மேல் ஏறி நின்று, அழுகையைக் கொண்டாட்டம் போலப் பாடுகிறார். வரியின் உச்சத்தில் குரல் ஒரு கணம் உடைந்து, கீச்சென்று மேலே தெறித்து, உடனே தன் இடத்துக்குத் திரும்புகிறது. தொண்டை பிசகிவிட்டதோ என்று முதலில் தோன்றும். அடுத்த வரியிலும் அதே இடத்தில் அது வரும்போது, அவர் அறிந்தே அதைச் செய்கிறார் என்பது விளங்கிவிடும். பில்போர்ட் இதழின் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் இந்தப் பாட்டு 11 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அந்தப் பட்டியலுக்கு அப்பெயர் வந்ததே 1949-இல்தான். கறுப்பினத்தாரின் தட்டுகளை அதுவரை இனப்பெயரால் தனியே ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

1952-இன் '5-10-15 ஹவர்ஸ்' பாட்டும் டூம்ப்ஸ் எழுதியது. அவர் கொண்டுவந்த வடிவத்தில் காதலி கேட்டது நிமிடக் கணக்கு. இந்தக் காலத்தில் அது போதாது, மணிக்கணக்காக மாற்றுங்கள் என்று ஆப்ரம்சன் சொன்னதாக அறியப்படுகிறது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஓர் ஆண்கள் குழு 60 நிமிட வீரம் பேசிய பாட்டு நாடெங்கும் ஒலித்திருந்தது. ஆண் பீற்றிக்கொண்டதற்குப் பெண் ஒருத்தி இன்னும் பெரிய கணக்கைக் கேட்டுப் பதில் சொல்வது போல அமைந்துவிட்ட இந்தப் பாட்டில், கேட்பதற்கு அவர் வெட்கப்படவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. தனக்கு வேண்டியதைச் சொல்கிறார், அவ்வளவுதான். நடுவில் வில்லிஸ் ஜாக்சனின் டெனர் சாக்ஸபோன் கரகரத்துக்கொண்டு நுழையும் இடத்தை நல்ல ஒலிப்பெருக்கியில் கேட்க வேண்டும்; குரல் விட்ட இடத்திலிருந்து அதே கீறலோடு அது பேச்சைத் தொடர்கிறது.

தட்டின் உச்சம் என்று நான் கருதுவது 'மாமா ஹி ட்ரீட்ஸ் யுவர் டாட்டர் மீன்'. 1952 டிசம்பரில் பதிவாகி, 1953-இல் முதலிடத்தைப் பிடித்த பாட்டு. மகள் தாயிடம் தன் காதலனைப் பற்றி முறையிடுகிறாள்: இவனைப் போன்ற கொடியவனை நான் கண்டதில்லை, என்னை மதிப்பதில்லை, என் பணத்தையெல்லாம் எடுத்துக்கொள்கிறான். டாம்பரின் குலுங்கும் ஓசையோடு பாட்டு தொடங்குகிறது. தேவாலயத்தில் கேட்கும் அதே குலுக்கல். அதன் மேல் 'மாமா' என்ற அழைப்பு விழுகிறது. அந்த ஒரு சொல்லின் இறுதியில், உயிரெழுத்தின் ஒலி முடிந்த பிறகு 'அஹ்' என்று ஒரு சிறு உதறல் வைக்கிறார். விம்மலுக்கும் விக்கலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒலி. லிட்டில் ரிச்சர்ட் பிற்காலத்தில் தம் பாட்டுகளில் பெண் பெயர்களின் ஈற்றில் வைத்த புகழ்பெற்ற உதறலை ரூத் பிரவுனின் இந்தச் சொல்லிலிருந்தே எடுத்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ராக் அண்ட் ரோலின் முதன்மையான ஆண் குரல்களில் ஒன்றின் தனி அடையாளம் என்று உலகம் கொண்டாடுவது இங்கே பிறந்திருக்கிறது. இந்தப் பாட்டைப் பாட முதலில் அவருக்கு விருப்பமே இருக்கவில்லை என்பதை அறியும்போது வியப்பு கூடுகிறது. முறையீடாக எழுதப்பட்டதை அவர் தாளத்தின் முனையில் ஏந்திப் பாடுவதால், கேட்பவருக்கு இந்தப் பெண்ணின் மேல் இரக்கம் வருவதில்லை. இவள் விரைவில் அவனை விட்டுப் போய்விடுவாள் என்ற நம்பிக்கையே வருகிறது.

அதே 1953-இன் 'வைல்ட் வைல்ட் யங் மென்' பாட்டை எழுதியவராகத் தட்டில் காணப்படும் பெயர் நுகெட்ரே. எர்டகுன் தம் பெயரைத் தலைகீழாக எழுதி வைத்துக்கொண்ட புனைபெயர் அது. கேட்டவுடன் ஆண்டை ஊகிக்கச் சொன்னால் பலரும் 1957 என்றுதான் சொல்வார்கள். அவ்வளவு வேகம், அவ்வளவு நெருக்கமான தாளம். 'ஹலோ லிட்டில் பாய்' அதனினும் விரைவானது. சொற்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓடும் அந்தப் பாட்டில்கூட ரூத்தின் உச்சரிப்பு சிதறுவதில்லை என்பது தேவாலயப் பயிற்சியின் விளைவு என்றே நினைக்கிறேன். ஜெஸ்ஸி ஸ்டோன் அமைத்த 'அஸ் லாங் அஸ் ஐம் மூவிங்' இந்த வகையின் மூன்றாவது நல்ல பாட்டு. பெண்கள் ராக் அண்ட் ரோலுக்குத் தாமதமாக வந்து சேர்ந்தவர்கள் என்ற எண்ணம் இன்றும் பரவலாக உள்ளது. அந்த எண்ணம் உள்ளவருக்கு இந்த மூன்று பாட்டுகளையும் தொடர்ச்சியாகப் போட்டுக் காட்டினால் போதும், வாதம் தேவைப்படாது.

'டேடி டேடி', 'மாம்போ பேபி', 'இட்ஸ் லவ் பேபி' ஆகியவை குறையில்லாத, ஆனால் மேலே சொன்னவற்றின் தரத்துக்கு எட்டாத பாட்டுகள். 1954-இல் அமெரிக்காவெங்கும் மாம்போ நடன மோகம் இருந்தது. அந்தச் சூட்டில் 'மாம்போ பேபி' முதலிடத்தை எட்டியது. இன்று கேட்கும்போது அந்த மோகம்தான் முதலில் காதில் விழுகிறது.

'ஓ வாட் எ ட்ரீம்' அப்படியல்ல. சக் வில்லிஸ் ரூத்துக்காகவே எழுதிய, ரூத் தம் பாட்டுகளில் மிகவும் நேசித்த பாட்டு இது. 'சோ லாங்' காலத்து மென்மைக்குத் திரும்புகிறார். ஆனால் இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் அவர் கற்ற அந்தக் குரல் உடைவு இப்போது கூடவே வருகிறது, இங்கே அது துள்ளலாக இல்லாமல் கனவு கலைந்த கணத்தின் நடுக்கமாக ஒலிக்கிறது. இரண்டு பாட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்பவர் ஒரு பாடகி எப்படி முதிர்கிறார் என்பதை நேரிலேயே காண்பார். தட்டைத் தயாரித்தவர்களும் 'சோ லாங்' முடிந்தவுடன் இதை வைத்திருக்கிறார்கள். அடுக்கில் அவர்கள் சரியாகச் செய்த ஒரே செயல் என்று இதைச் சொல்லலாம்.

'ஓ வாட் எ ட்ரீம்' பாட்டை வெள்ளையினப் பாடகி பாட்டி பேஜ் 1954-இலேயே வேறொரு நிறுவனத்துக்காகப் பாடி வெளியிட்டார்; வெள்ளையர் வானொலிகளில் பெரிதும் ஒலித்தது அந்தத் தட்டுதான். கறுப்பினப் பாடகியின் பாட்டு வெற்றி பெற்றவுடன், அதே மெட்டை, சில நேரம் அதே வாத்திய அமைப்பையும்கூட, வெள்ளையினப் பாடகி ஒருவரைக் கொண்டு பதிவு செய்து விற்பது அன்றைய வழக்கம். இதில் மிகவும் அடிபட்டவர் அதே அட்லாண்டிக்கின் லவர்ன் பேக்கர். அவருடைய 'ட்வீட்லி டீ' பில்போர்ட்டின் பொதுப் பட்டியலில் 14-ஆம் இடத்தோடு நின்றது. அதை அச்சு அசலாக ஒற்றியெடுத்த ஜார்ஜியா கிப்ஸின் தட்டு 2-ஆம் இடத்தை எட்டியது. பேக்கர் வாளாவிருக்கவில்லை. டெட்ராய்ட் நகரின் காங்கிரஸ் உறுப்பினர் சார்ல்ஸ் டிக்ஸுக்குக் கடிதம் எழுதி, 1909-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி பாட்டின் வாத்திய அமைப்புக்கும் பாதுகாப்பு தர வேண்டும் என்று கேட்டார். சட்டம் அப்போது மாறவில்லை. ஆனால் 1955-இல் ஒரு கறுப்பினப் பாடகி அதைக் கேட்டார் என்பதே பெரிய செய்தி. ரூத் பிரவுனின் இந்தத் தட்டை வாங்குபவர் அதே வரிசையில் வந்த பேக்கரின் தட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்வது நல்லது. ரூத்தின் குரல் கூர்மையால் வெட்டும் என்றால் பேக்கரின் குரல் அகலத்தால் நிரப்பும்.

இனிக் குறைகள். 'லக்கி லிப்ஸ்' லீபர், ஸ்டோலர் இரட்டையர் எழுதியது. பொதுப் பட்டியலில் 25-ஆம் இடம் வரை சென்று, அவரை வெள்ளையின இளையோரிடமும் கொண்டு சேர்த்தது. விற்பனைக் கணக்கில் அது வெற்றி. இசையாகக் கேட்டால், இந்தத் தட்டில் ரூத்தின் குரலுக்கு வேலையே தராத பாட்டு அதுதான். நீண்ட பட்டுப்போன்ற சுருள்முடி கொண்ட சிறுமியாகத் தம்மைச் சொல்லிக்கொள்ளும் முதல் வரி அவருக்கே உறுத்தியது; அப்படிப்பட்ட முடி தமக்கு ஒருபோதும் இருந்ததில்லை என்று பின்னாளில் அவர் வெளிப்படையாகவே சொன்னார். பாடும் விதத்திலும் அந்த ஒட்டாமை கேட்கிறது. சிறுமித்தனமான அந்த மெட்டு அவரை வயதிலும் அனுபவத்திலும் சிறியவராக்கிவிடுகிறது. இதைத் தட்டின் முதல் பாட்டாக வைத்தது, புதிதாகக் கேட்க வருபவரைத் தவறான வாசல் வழியாக உள்ளே அழைத்துச் செல்கிறது.

டெல்டா ரிதம் பாய்ஸ் என்ற ஆண்கள் குழுவோடு பாடிய 'சென்டிமென்டல் ஜர்னி', அதையடுத்து வரும் 'ஓல்ட் மேன் ரிவர்' இரண்டும் தட்டின் இரண்டாம் பக்கத்தைத் தொய்வடையச் செய்கின்றன. முன்னது 1945-இல் டோரிஸ் டே பாடி நாடறிந்தது. பின்னது 1927-இன் மேடை நாடகப் பாட்டு. ஆண் குரல்கள் மெத்தைபோல் விரிக்கும் ஒத்திசைவின் மேல் ரூத்தின் குரல் அமிழ்ந்துவிடுகிறது. மரியாதையான மேடைகளுக்கும் இவர் பொருந்துவார் என்று காட்டும் நோக்கம் தெரிகிறதே தவிர, பாட்டுக்குத் தேவையான எதுவும் அங்கே நிகழவில்லை. இந்த இரண்டையும் நீக்கிவிட்டு 1951-இன் 'ஐ'ல் வெயிட் ஃபார் யூ' போன்ற ஒன்றைச் சேர்த்திருந்தால் தட்டு மாசற்றதாகியிருக்கும்.

ஒலித்தரம் பற்றி ஒரு சொல். இவை ஒற்றைத் தடத்தில் பதிவானவை. எனவே மறுவெளியீட்டை வாங்கும்போது 'மோனோ' என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அட்லாண்டிக் அந்த ஆண்டுகளில் வளமான நிறுவனமாக இருக்கவில்லை. நியூயார்க் 56-ஆம் தெருவிலிருந்த அலுவலகத்தில் மாலையானதும் மேசைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அதே அறையில் டாம் டவுட் என்ற ஒலிப்பதிவாளரை வைத்துப் பல பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அப்படியிருந்தும் டவுட்டின் கை பட்ட பதிவுகளில் டிரம்ஸும் அடிச்சுருதியும் தனித்தனியே தெளிவாகக் கேட்கின்றன. அன்றைய பல சிறு நிறுவனங்களின் தட்டுகளில் அவை வெறும் முழக்கமாகக் கரைந்து கிடக்கும்.

வாங்குபவர் அறிந்திருக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. ரூத் பிரவுன் கட்டிய வீடு என்றே அட்லாண்டிக்கை அழைத்தார்கள். தொடக்க ஆண்டுகளில் அந்நிறுவனத்தை நிமிர்ந்து நிற்க வைத்தவை அவருடைய தட்டுகள். 1961-இல் அவர் அங்கிருந்து விலகினார். அதன் பிறகு பிள்ளைகளை வளர்ப்பதற்காகப் பள்ளிப் பேருந்து ஓட்டினார், வீட்டு வேலை செய்தார். தட்டுகள் விற்றுக்கொண்டிருந்தும், பதிவுச் செலவுகளைக் கழித்த கணக்கில் அவர் பெயரில் கடனே காட்டப்பட்டு வந்ததால், உரிமைத்தொகை அவர் கைக்கு வரவில்லை. ஹவல் பெகிள் என்ற வழக்கறிஞரின் துணையோடு பல ஆண்டுகள் அவர் நடத்திய போராட்டத்தின் பயனாக, 1988-இல் நிறுவனம் அவருக்கும் அவர் காலத்துப் பாடகர்கள் பலருக்கும் 20 ஆண்டு நிலுவையைத் தர இசைந்தது. முதியவர்களான ரிதம் அண்ட் புளூஸ் கலைஞர்களுக்கு உதவும் அறக்கட்டளை ஒன்றும் அதையொட்டிப் பிறந்தது. 1989-இல் பிராட்வே இசை நாடகத்துக்காக டோனி விருது, 1993-இல் ராக் அண்ட் ரோல் புகழ் மன்றத்தில் இடம் என்று அங்கீகாரங்கள் அதன் பிறகே வரிசையாக வந்தன. 2006 நவம்பரில் அவர் காலமானார்.

ஒரே ஒரு தட்டு போதும் என்பவருக்கு இந்த 1957 தொகுப்பு பொருத்தமானது. குறையாகச் சொன்ன மூன்று பாட்டுகளைத் தாண்டிவிட்டால் மற்ற 11-உம் திரும்பத் திரும்பக் கேட்கத் தகுந்தவை. முழுமையாக அறிய விரும்புபவர் 1989-இல் அட்லாண்டிக் வெளியிட்ட 'மிஸ் ரிதம்' என்ற இரட்டைக் குறுந்தகடுத் தொகுப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். நெடுந்தட்டு வந்த பிறகு 1958-இல் பாடிய 'திஸ் லிட்டில் கேர்ள்ஸ் கான் ராக்கின்' அதில் கிடைக்கும். பாபி டேரின் இணைந்து எழுதிய பாட்டு. கிங் கர்டிஸின் சாக்ஸபோன் வாக்கியத்துக்கு வாக்கியம் குறும்பாகக் குறுக்கிடுகிறது. வீட்டு வேலையை முடித்துவிட்டு ஆடப் போய்விட்ட பெண்ணைப் பற்றிய அந்தப் பாட்டிலும் இளமைக்கேற்ற எளிய மெட்டுதான் இருக்கிறது, ஆனால் 'லக்கி லிப்ஸ்' பாட்டில் இல்லாத இடைவெளி இதில் இருக்கிறது. அந்த இடைவெளியில் ரூத் தம் கீச்சொலியையும் உதறலையும் நினைத்தபடி வைத்து விளையாடுகிறார்.